அடைத்துக்கொண்ட முற்றத்து வாறுகாலைச் சீர்செய்யும் முறை

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழையின் சராசரி அளவு சுமார் 65 செ.மீ. மட்டுமே. இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. மற்ற ஒன்பது திங்களும் வீட்டு முற்றத்து வாறுகாலை எவரும் நினைப்பதில்லை. ஐப்பசியில் முதல் கனமழை கொட்டும் இரவில், தண்ணீர் திண்ணையைத் தொட்ட பிறகே மூங்கிலைத் தேடுவது வழக்கமாக இருந்து வருகின்றது. அந்நேரத்தில் இருட்டில் முழங்கால் நீரில் நின்றுகொண்டு குத்துவதால் பயன் மிகக் குறைவு. அடைப்பு எங்கே இருக்கின்றது, எதனால் ஏற்பட்டது என்பதை வறண்ட நாளில் கண்டறிந்துவிட்டால், இரண்டு பேர் ஒரு பகல் வேலையில் பெரும்பாலான வாறுகால்களைச் சீர்செய்துவிட முடியும்.

முற்றத்தில் நீர் தேங்குவதை வெறும் வழுக்கல் தொல்லையாக எண்ணிவிடக் கூடாது. மண்சுவரானால் அடி ஊறிச் சரியும். குதிரில் உள்ள நெல்லும் மூட்டையில் உள்ள உளுந்தும் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். அருகில் கிணறு இருப்பின் அழுக்கு நீர் அதில் இறங்கும். தேங்கிய சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்ப வல்லது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலுடன் நடப்போருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நலம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்துவிட்டது. தாமிரபரணி கரைபுரண்டது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது. அத்தகைய வெள்ளத்தை எந்த வீட்டு வாறுகாலும் வடிக்க இயலாது. ஆனால், அவ்வெள்ளம் வடிந்தபோது விட்டுச்சென்ற வண்டலும் மணலும் பல வீடுகளில் குழாய்களுக்குள்ளேயே தங்கிவிடக் கூடியவை. மேலே கூட்டிப் பெருக்கிய முற்றத்தின் அடியில் குழாய் பாதி நிரம்பிக் கிடந்தால், அடுத்து வரும் சாதாரண மழைக்கே நீர் தேங்கும். ஆகவே வெள்ளம் புகுந்த வீட்டார், இதுவரை பார்க்கவில்லையெனில், குழாயை ஒருமுறை திறந்து பார்த்துவிடுதல் வேண்டும்.

எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர் நீர் சேரும். வீடும் முற்றமும் சேர்ந்து 5 சென்ட் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 200 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை அடித்தால் 10,000 லிட்டர், அதாவது 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் 50 நிறையும் நீர் வந்து சேரும். நொடிக்குக் கணக்கிட்டால் 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு அங்குல பி.வி.சி. குழாய் நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் பதிக்கப்பட்டுச் சுத்தமாக இருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 6 லிட்டர் நீரை விடும். எனவே ‘குழாய் சிறிது, ஆறு அங்குலம் வாங்கிப் போடுங்கள்’ என்று கூறப்படும் யோசனையை உடனே ஏற்க வேண்டியதில்லை.

அதே குழாயில் பாதி உயரத்திற்கு மணல் படிந்துவிட்டால் பாதி நீராவது போகுமே என்று தோன்றும். அப்படிப் போவதில்லை. இடம் பாதியாகக் குறைவதோடு ஓட்டத்தின் வேகமும் தடைப்படுவதால், மூன்றில் ஒரு பங்கு அளவே போகும். இக்கணக்கில் 3 லிட்டர் வர 2 லிட்டர்தான் வெளியேறும். மீதி முற்றத்தில் நிற்கும்.

நம் பகுதியில் அடைப்பு ஏற்படும் விதம்

திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் தேரி மணல் பெரும் காரணம். ஆடிக் காற்றில் செம்மணல் பறந்து வந்து வாறுகாலின் வாயிலும் மூடிக் கற்களின் இடுக்கிலும் அமர்ந்துவிடும். அப்போது மழை இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. மழை வந்ததும் அம்மணல் உள்ளே இறங்கி, குழாய் தாழ்ந்துள்ள இடத்தில் இறுகிக்கொள்ளும். வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான முத்துக்குளித்துறை ஊர்களில் கடல் மணலுடன் மீன் செதிலும் கொழுப்பும் சேர்கின்றன. முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. மீன் கழுவுவது நிற்கவில்லை. உவர் நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து வெண்மையான பசையாக மாறும். இப்பசை மீன் கொழுப்பையும் சோற்றுக் கஞ்சியையும் பிடித்துக்கொண்டு குழாயின் சுவரில் அப்பிக்கொள்ளும்.

விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பகுதிக் கரிசலில் நிலைமை வேறு. கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும் தன்மையுடையது. அதில் மணல் மெத்தையின்றிப் பதித்த குழாய் ஆண்டுதோறும் அசைந்து இணைப்பு விலகும். விலகிய இணைப்பில் மண்ணும் வேரும் புகும். ஏரல், ஆத்தூர், திருவைகுண்டம் ஆற்றுப் பாசனப் பகுதியில் கொல்லைத் தென்னையின் சல்லி வேர்கள் ஈரத்தைத் தேடி, சுண்ணாம்பு அல்லது சிமெண்டு பூசிய பழைய மண்குழாய் இணைப்புகளில் நுழைந்து துடைப்பம் போல விரிந்திருப்பதைக் காணலாம்.

இவை தவிர, மாட்டுத் தொழுவைக் கழுவும்போது சாணத்தையும் கூளத்தையும் வாறுகாலில் தள்ளிவிடுவது ஒரு கெட்ட வழக்கம். சாணம் எருக்குழிக்கு உரியது. அதை வாறுகாலில் விடுவோர் உரத்தையும் இழந்து குழாயையும் கெடுத்துக்கொள்கின்றனர்.

எங்கே அடைத்திருக்கிறது?

மழை இல்லாத நாளில் காலையில் எல்லா மூடிக் கற்களையும் திறந்து வைக்கவும். குழந்தைகளையும் கோழிகளையும் அப்பக்கம் விடலாகாது. மேட்டில் உள்ள முதல் தொட்டியில் மூன்று நான்கு வாளி நீரை ஒரே சமயத்தில் ஊற்றவும். நீரில் சிறிது மஞ்சள் தூளோ துணிக்குப் போடும் சொட்டு நீலமோ கலந்துகொண்டால் பார்ப்பதற்கு எளிது.

முதல் தொட்டி நிரம்பி, அடுத்த தொட்டிக்கு நீர் வராவிட்டால் அடைப்பு இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. எல்லாத் தொட்டிகளிலும் நீர் ஏறி நின்றால், கடைசியில் நீர் சேரும் இடத்தில்தான் கோளாறு. உள்ளே குத்துவது வீண் வேலை. நீர் போகின்றது, ஆனால் மெல்லப் போகின்றது, நின்ற பிறகும் குழாயில் நீர் தேங்கியே கிடக்கின்றது என்றால், வாட்டம் போதவில்லை அல்லது இடையில் குழாய் அமிழ்ந்துவிட்டது என்று பொருள்.

இடம் தெரிந்தபின் மூங்கில் பிளாச்சையோ, அரை அங்குலக் கறுப்புப் பாலிதீன் குழாயையோ தாழ்வான தொட்டியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்தவும். தடைப்படும் இடத்தில், தொட்டியின் விளிம்பை ஒட்டி அதில் ஓர் அடையாளம் செய்து வெளியே எடுக்கவும். அதைத் தரையில் குழாயின் போக்கிலேயே நீட்டி வைத்தால் அடைப்பு இருக்கும் இடம் கையளவு துல்லியமாகத் தெரிந்துவிடும். தோண்ட நேர்ந்தால் முற்றம் முழுவதையும் கிளற வேண்டியதில்லை. நுனியில் ஒட்டி வருவதையும் பார்க்கவும். ஈர மணல் வந்தால் வண்டல் அடைப்பு; கறுத்த பிசுக்கு வந்தால் கொழுப்பு. தள்ளும்போது சுருள்வில் போலத் திருப்பித் தள்ளினால் பெரும்பாலும் வேர். ‘டக்’ என்று கல்லில் மோதுவது போல நின்றால் குழாய் உடைந்திருக்கக் கூடும்.

அடைப்பை எடுத்தல்

எப்போதும் தாழ்வான முனையில் தொடங்கி மேலே செல்லுதல் வேண்டும். மேலிருந்து மோட்டார் நீரைப் பீய்ச்சினால் மணல் முழுவதும் ஒரே இடத்தில் சென்று முன்னிலும் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். கீழ்த் தொட்டியில் சேரும் மணலை ஒருவர் அள்ள அள்ள, மற்றவர் மேலே சிறிது சிறிதாக நீர் விட்டுக் குத்திக் கொடுப்பதே சரியான முறை.

பிளாச்சு ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் நுனியில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளவும். கடற்கரை ஊர்களில் இக்கயிற்றுக்குப் பஞ்சமில்லை. கயிற்றின் நடுவில் சாக்குத் துணியைக் குழாயின் துவாரத்திற்குச் சற்றுச் சிறிய பந்தாகச் சுற்றிக் கட்டி, இரு முனையிலும் ஆள் நின்று மாறி மாறி இழுத்தால் சுவரில் அப்பியதும் அடியில் படிந்ததும் வந்துவிடும். பந்து சிக்கிக்கொண்டால் பின்னால் இழுக்கக் கயிறு இருக்கின்றது. இதற்காகவே இருபுறமும் கயிறு வேண்டும் என்கிறோம்.

கொழுப்பு அடைப்புக்குக் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரும் துணி சோடாவும் போதும். கொதிக்கும் நீரை ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகி வளையும். கடையில் விற்கும் அமிலத்தையும் காரத்தையும் முற்றத்து வாறுகாலில் ஊற்றுவது, எங்கள் கருத்தில், காசைக் கரைத்து ஊற்றுவதே. மணலையும் வேரையும் அவை கரைப்பதில்லை. மலத்தொட்டியில் போய்ச் சேர்ந்தால் அங்குக் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

வேர் புகுந்த இடத்தைத் தோண்டியே ஆகவேண்டும். வேரை வெட்டிவிட்டுப் பழைய இணைப்பையே மீண்டும் பூசினால் அடுத்த ஆண்டும் அது வரும். அந்த ஒரு துண்டை மட்டும் பி.வி.சி. குழாயாக மாற்றி, பசையிட்டு இணைத்து, கீழே நான்கு அங்குலம் மணல் மெத்தை போட்டு மூடவும். கரிசல் நிலத்தில் மெத்தையை ஆறு அங்குலமாக்குவது நன்று. டிராக்டரோ வண்டியோ ஏறும் இடத்தில் குழாயின் மேல் ஒன்றரை அடி மண்ணாவது இருத்தல் வேண்டும். இரும்புக் குழாயை இக்கரையில் பயன்படுத்த வேண்டாம்; உப்புக் காற்றும் உவர் நீரும் விரைவில் அரித்துவிடும்.

அள்ளிய வண்டலை வாறுகாலின் கரையிலேயே குவிப்பவர்களைப் பார்க்கின்றோம். அடுத்த மழையில் அது உள்ளேதான் போகும். பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு, அடுக்களைக் கசடை எருக்குழியில் மூன்று திங்கள் மட்கவிட்டு மரங்களுக்கு இடலாம். கடலோர மணலில் உப்பு இருப்பதால் அதைச் செடிகளுக்குப் போடலாகாது.

வாட்டமும் மணல் தொட்டியும்

சுத்தம் செய்த வாறுகால் மீண்டும் அடைக்காதிருக்க வேண்டுமானால் இரண்டைக் கவனித்தல் வேண்டும். முதலாவது வாட்டம். நூற்றுக்கு ஒன்று, அதாவது 10 மீட்டர் நீளத்திற்கு 10 செ.மீ. இறக்கம் இருந்தால் நீர் மணலையும் இழுத்துக்கொண்டு ஓடும். அதற்குக் குறைந்தால் மணல் தங்கும். கொத்தனார் வைத்திருக்கும் நீர் நிரப்பிய டியூபைக் கொண்டு இதை அளந்துவிடலாம். ரசமட்டத்தை மட்டும் நம்பி 10 மீட்டருக்கு வாட்டம் பார்ப்பது தவறாக முடியும்.

இரண்டாவது மணல் தொட்டி. நம் வீடுகளில் பெரும்பாலும் இல்லாதது இதுவே. முற்றத்து நீர் குழாய்க்குள் நுழையும் இடத்தில் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் செங்கல் தொட்டி கட்டவும். வெளியேறும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து ஓரடி உயரத்தில் வைக்கவும். வேகமாக வரும் நீர் தொட்டியில் தணிவதால் மணல் அடியில் தங்கும். நீர் மட்டும் மேலே வழிந்து போகும். வெளியேறும் குழாயின் வாயில் ஒரு வளைவைக் கீழ்நோக்கிப் பொருத்தினால் மிதக்கும் ஓலை, கொழுப்பு, தேங்காய் நார் யாவும் குழாய்க்குள் நுழையா. மேலே கம்பி வலை. மீன் கழுவும் வீடுகளில் அதன்மேல் பழைய வலைத் துண்டு ஒன்றை விரித்துவிட்டால் செதில் முழுவதும் அதிலேயே தங்கிவிடும்.

இத்தொட்டியில் ஓரடி நீர் எப்போதும் நிற்குமே, கொசு வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மழைநீர் மட்டும் வரும் தொட்டியாகவும் மணற்பாங்கான நிலமாகவும் இருந்தால், அடியில் தளம் போடாமல் ஜல்லி பரப்பிவிடவும். மழை விட்டதும் நீர் இறங்கிவிடும். அங்கணத்து நீரும் வருமானால் தளம் போட்டு, இடுக்கில்லாத மூடியிட்டு, வாரம் ஒருமுறை வாளியால் இறைத்துவிடுவது அவசியம். முட்டை கொசுவாக மாறச் சுமார் ஒரு வாரத்திற்குமேல் ஆவதால் இந்த இடைவெளி போதுமானது.

புதிதாக அமைப்போருக்கு ஒரு சொல். மணல் பறக்கும் கடற்கரையில் பூமிக்கடியில் குழாய் பதிப்பதைவிட, மூடிக் கல்லிட்ட திறந்த வாறுகாலே சிறந்தது என்பது எங்கள் எண்ணம். பார்வைக்கு அவ்வளவு நேர்த்தியாக இராது. ஆனால் கல்லைத் தூக்கி மம்பட்டியால் வழித்துவிட முடியும்.

நீர் சேரும் இடம்

தொட்டிகள் யாவும் நிரம்பி நிற்கும் வீட்டில் குறை வெளியில் உள்ளது. தெருச் சாலை மேன்மேலும் தளமிடப்பட்டு உயர்ந்ததால், ஒரு காலத்தில் தெருவைவிட உயரமாக இருந்த முற்றம் இன்று பள்ளமாகிவிட்டிருக்கலாம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுத் தளம் இடவேண்டும் என 2021ஆம் ஆண்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியுள்ளார். உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும்போது ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ இதை எடுத்துக் கூறுதல் வேண்டும். தளமிட்ட பின் கூறிப் பயனில்லை. தூத்துக்குடி நகரில் பக்கிள் ஓடை நிரம்பி ஓடும்போது, அதனுடன் இணைந்த தெரு வாறுகால்களிலிருந்து நீர் வீட்டுக்குள் எதிர்த்து வருவதுண்டு. அத்தகைய இடங்களில், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மடல் ஒன்றைக் குழாயின் கடைசி வாயில் பொருத்தலாம். மழைநீரைப் பாதாளச் சாக்கடைக் குழாயில் திருப்பிவிடுவது மட்டும் கூடாது. அது நிரம்பினால் அழுக்கு கழிப்பறை வழியே மேலேறும், உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ.

வெளியேற வழியே இல்லாத முற்றத்திற்கு உறிஞ்சுகுழி உதவும், மண் இடங்கொடுத்தால். குழி வெட்டும் இடத்தில் ஓரடி ஆழத்திற்குச் சிறு குழி தோண்டி, நன்றாக ஊறும்வரை நீர் விட்டு, பிறகு மீண்டும் நிரப்பிக் கடிகாரத்தைப் பார்க்கவும். நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க அரை மணிக்குள் ஆனால் உறிஞ்சுகுழி நன்கு வேலை செய்யும். ஒரு மணிக்கும் மேலானால் கைவிடவும். கரிசலில் பெரும்பாலும் இம்முடிவே கிடைக்கும். கடலை ஒட்டிய ஊர்களில் மண் உறிஞ்சினாலும் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும். இச்சோதனையைக் கோடையில் செய்து ஏமாறாமல், கார்த்திகையில் கிணற்று நீர் எவ்வளவு மேலே வருகின்றது என்பதையும் கணக்கில் கொள்ளவும். குழியின் அடிக்கும் அந்த மட்டத்திற்கும் இடையே ஐந்தாறு அடியும், குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 50 அடியும் இருத்தல் வேண்டும். குழியை உடைசெங்கல்லால் நிரப்பவும். தூத்துக்குடியில் முற்காலத்தில் கட்டட வேலைக்குப் பவளக்கல்லைப் பயன்படுத்தி வந்தனர். இன்று பவளப்பாறையை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அங்கணத்து நீரைக் கல்வாழை, வாழை, சேம்பு நட்ட பாத்தியில் விடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கு வேண்டாம். கூரைநீரை இவற்றுடன் கலக்காமல் தனிக் குழாயில் கொண்டுசென்று, மணல் ஜல்லி வடிகட்டியின் வழியாக நிலத்தில் இறக்கவும். மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சட்டத்திற்காக மட்டுமன்றி, கடலோரத்தில் நன்னீர் இறங்க இறங்கத்தான் உவர்நீர் கிணற்றை நெருங்காமல் இருக்கும்.

இறங்காதீர்கள்

மேலே கூறியவை யாவும் முற்றத்து வாறுகாலுக்கும் ஆழமற்ற சிறு தொட்டிகளுக்கும் மட்டுமே பொருந்தும். முற்றத்து நீர் போகாததற்கு மலத்தொட்டி நிறைந்ததே காரணம் என்று தெரிந்தால் அங்கேயே வேலையை நிறுத்திவிடவும். 2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இம்மாவட்டத்தின் செக்காரக்குடியில் ஒரு வீட்டின் கழிவுத் தொட்டியில் துப்புரவுப் பணிக்காக இறங்கிய நால்வர் விஷவாயு தாக்கி உயிரிழந்தனர். ஒருவர் மயங்கியதும் மற்றவர் தூக்கப்போவது இத்தகைய விபத்துகளில் சாவைப் பெருக்குகின்றது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. ஆகவே நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணக் கூடாது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் தவறு. தொட்டியில் எரிவாயுவும் இருக்கும். ஆளை இறக்கித் துப்புரவு செய்விப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 14420 என்ற எண்ணில் தெரிவித்தால் உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வாறுகால் வேலை செய்வோர் முழங்கால் அளவு ரப்பர் காலணியும் கையுறையும் அணிதல் வேண்டும். கை கால்களில் புண் இருப்பவர் அன்று வேறு வேலை பார்க்கட்டும். வேலைக்குப்பின் ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், சாக்கடை நீரில் நின்றதை மருத்துவரிடம் மறவாமல் கூறவும்.

இவ்வேலைக்கு ஏற்ற காலம் புரட்டாசி முதல் பாதி. ஆடிக் காற்று ஓய்ந்திருக்கும், மழை தொடங்கியிராது. மூடிக் கற்களை மீண்டும் வைக்கும்போது ஒவ்வொன்றிலும் வண்ணத்தால் எண் இட்டு, எந்தத் தொட்டியிலிருந்து எதற்குக் குழாய் போகின்றது, எத்தனை அடி ஆழம் என்பதை ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்துடன் வைத்துக்கொள்ளவும். குழாய் பதித்த கொத்தனாரைத் தேடி அலையும் வேலை மிச்சமாகும்.